முகமும் மண்டையும் உடைந்தவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்யப் பழக்குவது எப்படி: திருகோணமலையில் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முக எலும்பு, மண்டையோட்டு முறிவுகளுக்கு இளம் வைத்தியர்களைப் பழக்க, திருகோணமலையில் இரண்டு நாள் செய்முறைப் பயிற்சி நடத்த நினைக்கிற விசேட வைத்திய நிபுணர்களுக்கும், அவர்களோடு நிற்கும் தியேட்டர் தாதியருக்கும் இதை எழுதுகிறேன். பழக வருகிறவர்கள் எல்லோரும் ட்ரில்லைத்தான் முதலில் தேடுகிறார்கள். அவர்கள் தடுக்கி விழுவதோ அதற்கு முந்திய படிகளில்: மூச்சு, கண், கடி (மேல், கீழ்ப் பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதம்), ஒழுங்கு. ஆகவே இங்கே சொல்லியிருக்கும் வரிசையை மாற்றாமல் நடத்துங்கள்.

ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு நாள் பயிற்சியால் யாரும் சத்திரசிகிச்சை நிபுணர் ஆவதில்லை. அதற்கு கொழும்பில் பட்டப்பின் படிப்பும், பல வருடத் தியேட்டர் வேலையும் இருக்கிறது. இந்தப் பயிற்சி அந்தப் பாதையில் நிற்பவருக்குக் கை பழக்கும். இரவில் கந்தளாயிலோ மூதூரிலோ தனியாக நிற்கிற வைத்தியருக்கு எதை உடனே செய்வது, எதைத் தொடாமல் அனுப்புவது என்று தெளிவுபடுத்தும். அந்த இரண்டாவது பயனைக் குறைத்து எடைபோடவேண்டாம்.

1. ஆட்களைக் கலந்து எடுங்கள்

பல் மருத்துவம் படித்து வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைக்கு வருகிறவருக்குக் கடி அத்துப்படி. ஆனால் வயிற்றில் இரத்தம் கசிகிற நோயாளியின் முகம் இரண்டாம் பட்சம் என்பது அவருக்குச் சட்டென்று உறைக்காது. பொதுச் சத்திரசிகிச்சையிலிருந்து வருகிறவர் அதற்கு நேர்மாறு. காது, மூக்கு, தொண்டைப் பிரிவினருக்கு நெற்றிக்குழியின் (நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறையின்) வடிகால் தெரியும், கண் பிரிவினருக்குக் கண்குழி தெரியும்.

எனவே ஒரு மேசைக்கு இரண்டு பேர் போதும், இருவரும் வெவ்வேறு துறையினராக இருக்கட்டும். இரண்டு மேசைக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அதற்கு மேல் கூட்டினால் ஒருவர் துளையிடுவதை மூவர் வேடிக்கை பார்ப்பார்கள்.

தியேட்டர் தாதியரைப் பார்வையாளராக வைக்காதீர்கள், முழுப் பயிற்சியாளராகவே சேருங்கள். எந்தத் தட்டில் எந்த ஸ்குரூ இருக்கிறது, 2.0 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு எந்த ட்ரில் பிட் என்பதெல்லாம் நள்ளிரவில் மிஸ்ஸுக்குத் தெரிந்திருந்தால் சத்திரசிகிச்சை நேரம் நன்றாய்க் குறையும்.

மயக்க மருந்து வைத்தியர் ஒருவர் முதல் நாள் காலை முழுவதும் இருக்கவேண்டும். அவர் கிடைக்காவிட்டால் பயிற்சி நாளை மாற்றுங்கள்.

2. முன்கூட்டியே சேர்க்கவேண்டியவை

முதலில் நாள் பார்ப்போம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. றோட்டு மூடினால் வெளியூர் ஆசிரியர்கள் வரமுடியாது. போயா தினங்களையும் பாருங்கள். வெள்ளிக்கிழமையைச் சேர்த்தால் ஜும்ஆவுக்கு மதிய இடைவேளையை நீட்டி வையுங்கள்.

மாதிரி எலும்புகள். பொலியூரித்தேனில் செய்த தாடைகளும் மண்டையோடுகளும் விலைக்கு வருகின்றன. நல்லவைதான், ஆனால் விலை அதிகம். அதனால் அவற்றை இரண்டாம் நாளுக்கு ஒதுக்குங்கள். உள்ளூர் நோயாளிகளின் சி.டி. படத்திலிருந்து முப்பரிமாண அச்சில் தாடை எடுக்கலாம். பெயரையும் வைத்தியசாலை இலக்கத்தையும் கோப்பிலிருந்து முழுதாக நீக்கிய பிறகே அச்சுக்குக் கொடுக்கவேண்டும், நோயாளியின் எழுத்துமூலச் சம்மதமும் கையில் இருக்கவேண்டும். அச்சடித்த பிளாஸ்டிக் ட்ரில்லின் சூட்டில் உருகிப் பிட்டைச் சுற்றிக்கொள்ளும். ஆகவே அதை, முறிந்த எலும்பைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகப் பிளேட்டை வளைக்கவும் திட்டமிடவும் வைத்துக்கொள்ளுங்கள், துளையிடப் பழகுவதற்கு அது சரிவராது.

ஆட்டுத் தலை. துளையிட்டுப் பழக இதைவிட நல்லது உள்ளூரில் இல்லை. தோல், தசை, என்புறை, எலும்பு எல்லாம் உண்மையானவை, பயிற்சிக்கு வருகிற எல்லாச் சமூகத்தவரும் தயக்கமில்லாமல் கை வைப்பார்கள். இறைச்சிக் கடையில் சொல்லும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: தலையைப் பிளக்கக்கூடாது, மயிரைச் சுடக்கூடாது, வளர்ந்த ஆடாக இருக்கவேண்டும். சொல்லாவிட்டால் வழக்கப்படி கோடரியால் இரண்டாக வெட்டி, தோலைத் தீய்த்துத் தந்துவிடுவார்கள். குட்டியின் எலும்பில் ஸ்குரூ பிடிக்காது.

இந்த ஊர் வெயிலுக்கு இறைச்சி மத்தியானம் வரை தாங்காது. மீன் ஏற்றுகிற றெஜிபோம் பெட்டிகளும் நொறுக்கிய ஐஸும் கொட்பே மீன்பிடித் துறைமுகப் பக்கம் கிடைக்கும். தலைகளைப் பொலித்தீனில் சுற்றி ஐஸில் புதைத்து, ஒரு மேசைக்குத் தேவையானதை மட்டும் அவ்வப்போது வெளியே எடுங்கள். மிச்சம் வைத்தியசாலையின் உயிரியல் கழிவோடு போகவேண்டும், குப்பைத்தொட்டிக்குப் போகக்கூடாது.

ஆட்டுத் தலைக்கு இரண்டு குறை உண்டு. ஆட்டுக்கு மேல் முன்பற்கள் கிடையாது. அதன் கீழ்த்தாடை நடுவில் மனிதனுடையதைப்போல் முழுதாக ஒட்டியும் இருக்காது. எனவே கடி கட்டுவதற்கும் (மேல், கீழ்ப் பற்களை வயரால் சேர்த்துப் பூட்டுவதற்கும்) நாடி (மோவாய்) முறிவுக்கும் அது உதவாது. அதற்கு மனிதப் பல் அச்சில் வார்த்த பிளாஸ்டர் மாதிரிகளை பல் வைத்தியப் பிரிவில் செய்து வாங்குங்கள். மேல், கீழ் இரண்டையும் கீல் போட்டுப் பொருத்தவேண்டும்.

எஸ்லோன் குழாய்த் துண்டுகள், கோழி முட்டைகள், 0.4 அல்லது 0.5 மில்லிமீற்றர் மென்மையான துருப்பிடிக்காத வயர், ஆர்ச் பார் (பல்வரிசையோடு சேர்த்துக் கட்டும் உலோகப் பட்டி), வயர் வெட்டி, வயர் முறுக்கி. பாவித்துக் கழித்த பிளேட்டுகளைப் பயிற்சிக்கென்று ஒதுக்கி, பெட்டியில் பெரிதாக 'பயிற்சிக்கு மட்டும்' என்று எழுதி வையுங்கள். அவை எக்காரணம் கொண்டும் தியேட்டருக்குத் திரும்பக்கூடாது.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்றும் யோசியுங்கள். பற்றறியில் ஓடும் ட்ரில்லும், மண்டையோட்டைத் துளைக்கக் கையால் சுற்றும் ஹட்சன் பிரேசும் இருந்தால் வகுப்பு நிற்காது.

3. முதல் காலை: ட்ரில் இல்லாத மூன்று மணி நேரம்

உபகரணப் பெட்டியை வேறு அறையில் பூட்டி வையுங்கள். கண்ணுக்குத் தெரிந்தால் மனம் அதிலேயே நிற்கும்.

ஒரு நோயாளியின் கதையோடு தொடங்குங்கள். இரவு, கந்தளாய்ப் பக்க றோட்டு, மோட்டார் சைக்கிள், ஹெல்மட் இல்லை, குறுக்கே மாடு. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸில் படுத்தபடி கொண்டுவந்திருக்கிறார்கள். கீழ்த்தாடை இரண்டு பக்கமும் உடைந்திருக்கிறது. முதலில் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலும் வரும் பதில் "சி.டி." என்பது. சரியான பதில் மூச்சுப்பாதை. தாடையின் முன்பகுதி இரண்டு பக்கமும் அறுந்தால் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். நினைவுள்ள நோயாளி தானாகவே எழுந்து முன்னால் குனிந்து இரத்தத்தைத் துப்பப் பார்ப்பார். கழுத்து எலும்பில் காயமில்லை என்று உறுதியானால் அவரை அப்படியே இருக்கவிடுங்கள். பலவந்தமாக மல்லாக்கப் படுக்கவைத்தால் அந்த நிமிடமே மூச்சு நிற்கலாம். படுக்கவைத்தே ஆகவேண்டுமென்றால் தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கவேண்டும், உறிஞ்சும் குழாய் கையில் இருக்கவேண்டும்.

அடுத்த தவறு மூக்குக் குழாய். மண்டையின் அடித்தளம் உடைந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் மூக்கு வழியாக எந்தக் குழாயையும் விடக்கூடாது. குழாய் மூளைக்குள்ளேயே போய்விடக்கூடும். இரண்டு கண்ணைச் சுற்றியும் கருநீலம், காதுக்குப் பின்னால் கன்றல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர், செவிப்பறைக்குப் பின்னால் இரத்தம்: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலே வயிற்றுக் குழாயையும் வாய் வழியாகத்தான் விடவேண்டும்.

நோயாளியின் நினைவு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ அளவை ஒவ்வொருவரும் உரத்துச் சொல்லிப் பழகட்டும்: கண் இவ்வளவு, பேச்சு இவ்வளவு, அசைவு இவ்வளவு. கூட்டுத்தொகையை மட்டும் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருக்கும் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணருக்கு எதுவும் விளங்காது. 8 அல்லது அதற்குக் கீழே போனால் மூச்சுக் குழாய் போடாமல் அம்புலன்ஸில் ஏற்றக்கூடாது. கொழும்பு 250 கிலோமீற்றருக்கு மேல். வழியில் காட்டு றோட்டில் வண்டியை நிறுத்திக் குழாய் போடுவது யாராலும் முடியாத காரியம்.

இந்தப் பகுதியை நடித்தே பழக்குங்கள். ஒருவர் நோயாளி, ஒருவர் வைத்தியர், மயக்க மருந்து வைத்தியர் நடுவர். பல் பிரிவிலிருந்து வந்தவர் வைத்தியராக நிற்கும்போதுதான் அதிகம் கற்றுக்கொள்வார்.

4. பொறுக்காத கண்கள்

முகமுறிவுகளில் பெரும்பாலானவற்றை வீக்கம் வற்றும்வரை சில நாள் விட்டுச் செய்யலாம். கண்ணில் இரண்டு நிலைமைகள் மட்டும் பொறுக்காது. அதனால்தான் இதைப் பிளேட்டுகளுக்கு முன்பே வைக்கிறேன்.

முதலாவது, கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்குவது. கண் கல்லுப்போல் இறுகி முன்னால் தள்ளும், வலி கடுமையாக இருக்கும், பார்வை மங்கிக்கொண்டே போகும். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் பார்வை திரும்பாமலே போகலாம். சி.டி.க்குக் காத்திருக்கக்கூடாது. கண்ணின் வெளிமூலையை வெட்டி, கீழ்த்தசைநாரை அறுத்து அழுத்தத்தை விடுவிக்கவேண்டும். ஆட்டுக் கண்ணில் இதைச் செய்து பழகலாம். தோலை மட்டும் வெட்டிவிட்டு முடிந்தது என்று கையை எடுப்பதுதான் வழக்கமான பிழை. தசைநார் அறுந்தால் கீழிமை தளர்ந்து முகத்தை விட்டுத் தனியே இழுபடும். அது தெரியும்வரை வேலை முடியவில்லை.

இரண்டாவது, சிறுவர்களின் கண்குழித் தளம். பிள்ளைகளின் எலும்பு வளைந்து உடைந்து திரும்ப மூடிக்கொள்ளும். இடையில் கண்தசை அகப்பட்டுவிடும். கண்ணில் சிவப்பு இருக்காது, வீக்கமும் இருக்காது. பிள்ளை மேலே பார்க்கமுடியாமல் வாந்தி எடுக்கும், நாடித்துடிப்பு குறையும். இதைத் தலைக்காயம் என்று நினைத்து வார்ட்டில் கண்காணிப்பில் போட்டுவிடுவார்கள். ஒரு நாள், இரண்டு நாளுக்குள் தசையை விடுவிக்காவிட்டால் அது இறந்துவிடும். வாந்தி எடுக்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் "மேல பார் மகன்" என்று சொல்லிக் கண்ணைப் பார்க்கும் பழக்கம் எல்லோருக்கும் வரவேண்டும்.

5. சி.டி. படம் வாசித்தல்

நீண்ட விரிவுரை வேண்டாம். மெல்லிய வெட்டுகள், 1 மில்லிமீற்றர் அல்லது அதற்கும் குறைவு, மூன்று தளங்களிலும். முப்பரிமாணப் படத்தைக் கடைசியில்தான் காட்டுங்கள். அது அழகாக இருக்கும், ஆனால் கண்குழித் தளம்போன்ற மெல்லிய எலும்புகளில் ஏமாற்றிவிடும்.

ஒவ்வொருவரும் ஒரே வரிசையில் வாசிக்கவேண்டும்: நெற்றிக்குழியின் முன்சுவர், பின்சுவர், கண்குழிகள், கன்ன எலும்பு, மேற்தாடையின் தூண்கள், அண்ணம், கீழ்த்தாடை, கடைசியாக இரண்டு தாடை மூட்டுகள். கீழ்த்தாடை வளையம்போல இருப்பதால் ஓரிடத்தில் உடைந்தால் இன்னோரிடத்திலும் உடைந்திருக்கும் என்று தேடவேண்டும். நாடியில் அடிபட்டு அங்கே தையல் போட்டவருக்கு இரண்டு மூட்டும் உடைந்திருக்கலாம். இதைத் தவறவிடுவோர் ஏராளம்.

6. கடி முதலில், பிளேட் பிறகு

இந்தப் பயிற்சியில் ஒன்றே ஒன்றுதான் மனதில் நிற்கும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். எலும்பின் விளிம்புகள் அழகாகச் சேர்ந்தது கண்ணுக்குத் தெரியும். பற்கள் பொருந்தவில்லை என்பது நோயாளி சோறு மெல்லும்போதுதான் தெரியும். கடியைப் பூட்டாமல் எலும்பை மட்டும் பார்த்துப் பிளேட் போட்டால் முன்புறம் சேர்ந்திருக்கும், பின்புறம் திறந்திருக்கும். பிறகு கழற்றி மறுபடி செய்யவேண்டி வரும்.

விபத்துக்கு முந்திய கடி எப்படி இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பற்களில் தேய்ந்த தளங்கள் சொல்லும். மேல்பல்லின் தேய்மானம் கீழ்ப்பல்லின் தேய்மானத்தோடு பூட்டும் திறப்பும்போல் பொருந்தும். வீட்டுக்காரரிடம் பழைய கலியாணப் படமோ, கைபேசியில் சிரித்த படமோ கேளுங்கள். முன்பே மேல்பல் தள்ளியிருந்தவருக்குப் பாடப்புத்தகக் கடியைக் கொடுக்கப் போனால் முறிவு சேராது. நினைவுள்ளவரிடமே கேட்பது இன்னும் நல்லது: "கடிச்சுப் பாருங்கோ ஐயா, முந்தி மாதிரி இருக்கா?"

இப்போது வயர். பிளாஸ்டர் மாதிரியில் ஆர்ச் பாரைக் கட்டச் சொல்லுங்கள். கட்டுமுன் வயரை இரண்டு முனையிலும் பிடித்துச் சற்று இழுக்கவேண்டும். இழுக்காத வயர் அடுத்த நாளே தளர்ந்துவிடும். பல்லின் கழுத்தைச் சுற்றி, ஒரு முனை பாருக்கு மேலாகவும் ஒரு முனை கீழாகவும் வரவேண்டும். முறுக்குவது எப்போதும் வலஞ்சுழியாக, எல்லோரும் அப்படியே. வார்ட்டில் நள்ளிரவில் இன்னொருவர் தளர்த்தவோ இறுக்கவோ வரும்போது எந்தப் பக்கம் சுற்றுவது என்று தேடக்கூடாது.

முறுக்கும்போது வயரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே முறுக்கவேண்டும். இழுக்காமல் முறுக்கினால் முறுக்கு முனையில் சேரும், பல்லடியில் தளர்ந்தே இருக்கும். வயரின் பளபளப்பு மங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள், அடுத்த சுற்றில் அறுந்துவிடும். வெட்டும்போது முனையை வயர் வெட்டியோடு இன்னொரு பிடியாலும் பிடிக்கவேண்டும். இல்லாவிட்டால் தெறித்த துண்டு தொண்டைக்குள்ளோ உங்கள் கண்ணுக்குள்ளோ போகும். கண்ணாடி இல்லாமல் ஒருவரையும் மேசையில் விடாதீர்கள். கடைசியில் முனையைச் சுருட்டிப் பல்லிடுக்குக்குள் மடித்து, விரலால் தடவிப் பார்க்கவேண்டும். விரலில் குத்தினால் உதட்டிலும் குத்தும்.

கடியைப் பூட்டுமுன் தொண்டையில் வைத்த துணிச்சுருளை எடுத்தாயிற்றா என்று சத்தமாகக் கேட்கவேண்டும், எடுத்தவர் சத்தமாகப் பதில் சொல்லவேண்டும். வெள்ளைப் பலகையில் எழுதி அழியுங்கள். வாயைக் கட்டிய நோயாளியின் தலைமாட்டில் வயர் வெட்டி தொங்கவேண்டும், அவர் எங்கே போனாலும் கூடவே போகவேண்டும். எந்த வயரை வெட்டினால் வாய் திறக்கும் என்று அந்த வார்ட்டு மிஸ்ஸுக்கும் வீட்டாருக்கும் காட்டிக் கொடுங்கள்.

7. கீழ்த்தாடைக்குப் பிளேட்

முதலில் எஸ்லோன் குழாயில் வளைக்கப் பழகட்டும். குழாயின் வளைவில் பிளேட் கையால் அழுத்தாமலே படிந்து கிடக்கவேண்டும். ஒரு முனை தூக்கிநின்றால் ஸ்குரூ இறுகும்போது எலும்புதான் பிளேட்டை நோக்கி இழுபடும், நீங்கள் கஷ்டப்பட்டுப் பிடித்த கடி அந்தக் கணமே குலையும். ஒரே இடத்தை முன்னும் பின்னும் திரும்பத் திரும்ப வளைத்தால் உலோகம் களைத்து, பூட்டிய பிறகு வாய்க்குள் உடையும்.

அடுத்தது எங்கே வைப்பது. உதட்டு நரம்பு வெளிவரும் துளைக்கு முன்னால், நாடிப்பகுதியில், இரண்டு சிறு பிளேட்டுகள் வேண்டும், ஏனென்றால் அங்கே எலும்பு முறுக்குப்படுகிறது. துளைக்குப் பின்னால் ஒன்று போதும். தாடைக்கோணத்தில் அது மேல்விளிம்பில், வெளிச்சாய்வு மேட்டின் மேல் போகும். மெல்லும்போது மேல்விளிம்புதான் பிரியப் பார்க்கும், கீழ்விளிம்பு நெருங்கும். பிரிகிற பக்கத்தைக் கட்டினால் நெருங்குகிற பக்கம் தன்பாட்டில் நிற்கும். இந்தக் காரணத்தை விளங்கிக்கொண்டவர் இடத்தை மனப்பாடம் பண்ணத் தேவையில்லை. நாடியில் கீழ்ப் பிளேட்டை முதலில் பூட்டி, பிறகு மேல் பிளேட்.

துளையிடுதல். 2.0 ஸ்குரூவுக்கு 1.5 பிட். வேகம் குறைவு, உப்புநீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். வெந்த எலும்பு இறந்த எலும்பு, ஓரிரு வாரத்தில் அந்த ஸ்குரூ தளர்ந்து சீழ் பிடிக்கும். ஆட்டுத் தாடையில் ஒரு துளையை நீர் விடாமல் போடச் சொல்லுங்கள். கருகிய மணம் வரும். அந்த மணத்தை ஒருமுறை அறிந்தவர் பிறகு தண்ணீரை மறக்கமாட்டார். பிட் எலும்புக்குச் செங்குத்தாகப் போய் நேராகவே வெளிவரவேண்டும். அசைத்தால் துளை முட்டை வடிவமாகும், ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படியானால் அதே துளைக்குக் கொஞ்சம் தடித்த அவசர ஸ்குரூ போடலாம் என்று தெரிந்திருக்கட்டும்.

மேல்விளிம்பில் வெளிச்சுவரை மட்டும் பிடிக்கும் குட்டை ஸ்குரூ போதும். பல்வேர்களும் நரம்புக்குழாயும் உள்ளே இருக்கின்றன. முறிவின் ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது இரண்டு.

எல்லாத் தாடைக்கும் சிறு பிளேட் சரிவராது. எலும்பு நொறுங்கியிருந்தால், ஒரு துண்டே இல்லாமல் போயிருந்தால், பல்லில்லாத வயோதிபரின் தாடை பென்சில்போல மெலிந்திருந்தால், மெல்லும் பாரம் முழுவதையும் பிளேட்டே சுமக்கவேண்டும். அங்கே 2.4 ஸ்குரூ போடும் தடித்த பிளேட், ஒவ்வொரு பக்கத்திலும் குறைந்தது 3 ஸ்குரூ. மெலிந்த தாடைக்குச் சின்னப் பிளேட் போதும் என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர் எதிர்.

ஆட்டுத் தாடையில் முறிவை உண்டாக்கும்போது அரத்தால் முழுதாக அறுக்காதீர்கள். பாதி அறுத்து, மீதியை உளியும் சுத்தியலும் வைத்துப் பிளந்தால் பற்பற்களான விளிம்பு வரும். அதைப் பொருத்துவதுதான் பயிற்சி.

பூட்டி முடிந்ததும் கடிக்கட்டைக் கழற்றி, தாடையைக் கையால் மூடித் திறந்து பார்க்கவேண்டும். மூட்டு குழியில் உட்கார்ந்திருக்கிறதா, பற்கள் அதே இடத்தில் சந்திக்கின்றனவா? இல்லையென்றால் அங்கேயே கழற்றுங்கள். "கடியை இழுத்துச் சேர்க்க றப்பர் போட்டால் சரிவரும் சேர்" என்பார்கள். வராது.

8. நடுமுகம்

மேற்தாடையை மண்டையோடு இணைப்பவை தூண்கள்: மூக்கின் இரு பக்கமும் ஒன்று, கன்ன எலும்பின் கீழ் ஒன்று, பின்னால் ஒன்று. பிளேட் நிற்பது முன்னாலுள்ள இந்தத் தடித்த தூண்களில்தான். இடையிலுள்ள எலும்பு முட்டையோடு மாதிரி மெலிது, அங்கே ஸ்குரூ போட்டுப் பயனில்லை.

முன்னால் வராத மேற்தாடையை வயரால் இழுத்துக் கட்டினால் தாடை மூட்டு பின்னால் தள்ளப்பட்டு, கடி சரிபோலத் தோன்றும். கட்டைக் கழற்றியதும் முன்பற்கள் திறந்துவிடும். ஆகவே முதலில் மேற்தாடையை இடுக்கியால் பிடித்துத் தாராளமாக அசையும்வரை விடுவியுங்கள், பிறகு கட்டுங்கள்.

கன்ன எலும்பில் எல்லோரும் கண்குழியின் கீழ்விளிம்பைப் பார்த்துச் சரி என்கிறார்கள். எலும்பு சுழன்றிருக்கிறதா என்பதைக் கண்குழியின் வெளிச்சுவருக்குள், கன்ன எலும்பு ஆப்பு எலும்பைச் சந்திக்கும் கோட்டில்தான் பார்க்கவேண்டும். அந்தக் கோடு நேரானால் மற்றவை தாமாக நேராகும்.

9. மண்டையோடு

இங்கே எல்லையைக் கண்டிப்பாக வரையுங்கள். நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் பக்கத்தில் இல்லாமல் மூளையுறையைத் திறப்பது இந்தப் பயிற்சியின் நோக்கமல்ல. எது அவசரம் என்று அறிவதும், அவரோடு சேர்ந்து நிற்கும்போது பயன்படுவதும்தான் நோக்கம்.

உள்ளே குழிந்த முறிவு மண்டையோட்டின் தடிப்பைவிட ஆழமாக இறங்கியிருந்து, மேலே தோலும் கிழிந்திருந்தால் பொதுவாகத் தூக்கிச் சரிசெய்யவேண்டும். காயத்துக்குள் விரலைவிட்டு அழுத்திப் பார்க்கக்கூடாது. வெளியே நீட்டிநிற்கும் கத்தியையோ கம்பியையோ வார்ட்டில் இழுக்கக்கூடாது, இரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருப்பது அதுவாகவே இருக்கலாம்.

துளையிடும் பழக்கத்துக்குப் பச்சை முட்டை. ஓட்டில் துளை விழவேண்டும், உள்ளிருக்கும் வெண்சவ்வு கிழியக்கூடாது. கைக்கு அடக்கம் வருவது இப்படித்தான். பிறகு ஆட்டு மண்டையில் ஹட்சன் பிரேஸ். கூர் அலகால் உள்தட்டில் சின்னத் துளை தெரியும்வரை சுற்றி, நிறுத்தி, அலகை மாற்றி அகலமாக்கவேண்டும். கொம்புக்கு முன்னால் போட்டால் நெற்றிக்குழிக்குள்தான் போகும், எனவே பின்தள்ளிப் போடுங்கள். உடம்பின் பாரத்தைப் பிரேஸின் மேல் போடுகிறவரை உடனே நிறுத்துங்கள்.

நெற்றிக்குழியில் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: முன்சுவர் உள்ளே போயிருக்கிறதா, பின்சுவர் விலகியிருக்கிறதா, மூக்குக்குப் போகும் வடிகால் அடைபட்டிருக்கிறதா? முன்சுவர் மட்டுமென்றால் அது தோற்றத்தின் பிரச்சினை. மற்ற இரண்டில் ஒன்று சேர்ந்தாலும் வருடங்கள் கழித்தும் மூளைக்காய்ச்சல் வரலாம், அதனால் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர் இல்லாமல் தொடவேண்டாம். மூக்கில் நீர் வடிகிறவரிடம் மூக்குச் சிந்தவேண்டாம் என்று தமிழிலோ சிங்களத்திலோ அவருக்கு விளங்கும்படி சொல்லி, கட்டில் தலைமாட்டிலும் எழுதி வையுங்கள்.

10. எல்லாம் உடைந்திருந்தால்

இரண்டாம் நாள் பிற்பகல், பொலியூரித்தேன் மண்டையோட்டை நொறுக்கி ஒவ்வொரு மேசைக்கும் கொடுங்கள். பிளேட்டைத் தொடுமுன் தாளில் வரிசையை எழுதச் சொல்லுங்கள்.

கீழிருந்து மேலே போகலாம், மேலிருந்து கீழேயும் வரலாம். உடையாத எலும்பிலிருந்து தொடங்கி உடைந்ததை நோக்கிப் போவதே விதி. வெளிச்சட்டம் முதலில், உட்பகுதி பிறகு: கன்ன வளைவு சரியான நீளத்துக்கும் நேருக்கும் வராவிட்டால் முகம் அகன்று தட்டையாகிவிடும். அண்ணம் பிளந்திருந்தால் அதைத் தீர்க்காமல் கடியை நம்பமுடியாது. கண்குழித் தளமும் மூக்கும் கடைசி.

மூச்சுக் குழாய் எங்கே போகும் என்பதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். வாயில் குழாய் இருந்தால் கடியைப் பூட்டமுடியாது, மண்டை அடித்தளம் உடைந்தால் மூக்கில் விடமுடியாது. நாடிக்குக் கீழே தோல் வழியாக எடுப்பதா, கழுத்தில் துளைப்பதா என்று மயக்க மருந்து வைத்தியரோடு முதல் நாளே கதைத்து முடிவெடுப்பவர்தான் அடுத்த நாள் நிம்மதியாக வேலை செய்வார்.

11. மேசையிலிருந்து தியேட்டருக்கு

கற்பிக்கும்போது நான்கு தடவை: ஆசிரியர் பேசாமல் செய்துகாட்டுவார், பிறகு விளக்கியபடி செய்வார், மூன்றாவது தடவை பழகுகிறவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார், நான்காவதாகப் பழகுகிறவர் தானே சொல்லிச் செய்வார். மூன்றாவதை நேரம் போதாதென்று விட்டுவிடுகிறார்கள். யாருக்கு விளங்கவில்லை என்று பிடிபடுவது அந்தத் தடவையில்தான்.

தியேட்டரில் முதலில் கடி கட்டுவது மட்டும். அது தனியாகச் சரியாக வந்த பிறகு நாடி முறிவு, பிறகு தாடைக்கோணம், பிறகு கன்ன எலும்பு. தாடை மூட்டுக்கும் கண்குழிக்கும் அவசரப்படவேண்டாம். ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேட்டில் நான்கு விஷயம்: முன்பும் பின்பும் கடியின் படம், சம்மதத்தோடு. உதட்டு உணர்வு முன்பும் பின்பும். பார்வை முன்பும் பின்பும். வாய் எத்தனை மில்லிமீற்றர் திறக்கிறது. சத்திரசிகிச்சைக்கு முன் உதடு மரத்திருந்ததை எழுதாவிட்டால், பிறகு அது உங்கள் ட்ரில்லால் வந்ததா விபத்தால் வந்ததா என்று யாராலும் சொல்லமுடியாது.

கிளினிக்குக்கு வராமல் விடுவோர் இங்கே நிறையப் பேர். கடலுக்குப் போகிறவர்கள், புல்மோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள். வீட்டுக்கு அனுப்பும்போதே அடுத்த கிளினிக் நாளை அவர்களின் வேலைக்கு ஏற்றபடி குறித்துக் கொடுங்கள், கைபேசி இலக்கம் இரண்டு வாங்குங்கள். வாய் கட்டியிருப்பவருக்கு என்ன குடிப்பது என்று சொல்லிவிடவேண்டும்: வடித்த கஞ்சி, பருப்புத் தண்ணீர், மீன் சூப், அரைத்து வடித்த சோறு. "நீராகாரம்" என்று மட்டும் சொன்னால் தேநீரோடு இருந்து மெலிந்து வருவார்கள்.

மூன்று மாதம் கழித்து அதே குழுவை அரைநாள் கூப்பிடுங்கள். ஒவ்வொருவரும் தான் சத்திரசிகிச்சை செய்த ஒரு நோயாளியையும், செய்யவேண்டாம் என்று முடிவெடுத்த ஒரு நோயாளியையும் படங்களோடு கொண்டுவரவேண்டும். இரண்டாவதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அந்த நாளுக்கும் மயக்க மருந்து வைத்தியரையும் கண் வைத்தியரையும் இப்போதே கேட்டு வைத்துவிடுங்கள், பிறகு கேட்டால் அவர்களின் நாட்காட்டியில் இடமிருக்காது.